போசியில் விழுந்த பந்து

நேற்று உன் மகள் வந்தாள். மஞ்சள் பைக்குள்ளிருந்து பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். துணியை அவிழ்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துபோயிற்று. புளி போட்டுத் தேய்த்த பித்தளைக்கு ஒரு வாசனை உண்டு. அதற்கு அடியில், அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும், கம்பஞ்சோற்றின் புளிப்பு ஒட்டிக்கொண்டிருப்பதாக எனக்குப் பட்டது. மூக்கு ஏமாற்றியிருக்கலாம். கண் ஏமாற்றவில்லை. விளிம்பில் அந்த நசுங்கல் அப்படியே இருந்தது, கட்டைவிரலை வைத்தால் பொருந்துகிற அளவுக்கு.

என் தூக்குப்போசி, நாம் மில்லுக்குச் சோறு கொண்டுபோன பாத்திரம். பேரூர்த் தேருக்குப் போனபோது என் அம்மா வாங்கிக் கொடுத்தது.

உன் சாவுக்கு நான் வரவில்லை. உன் மருமகன் ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார். தொண்டாமுத்தூரிலிருந்து பீளமேடு என்ன சீமையா? ஒரே பஸ்ஸில் காந்திபுரம், அடுத்த பஸ்ஸில் உன் வாசல். செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன். போட்ட செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நீ உயிரோடு இருந்தபோது சொல்லாததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். உனக்கு அந்த மூன்றும் இல்லை. நீ இருந்திருந்தாலும் இதை வேறு யாராவதுதான் உனக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அப்படி ஒருத்தர் வாய் வழியாகப் போவதில் எனக்கு இஷ்டம் இல்லாததால்தான் இத்தனை வருஷம் எழுதவில்லை போலிருக்கிறது.

நாம் பீளமேட்டுக்குப் போனது பைக்காரா கரண்டு வந்து மில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிய காலம். உன் வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தார். கைக்குழந்தை வேறு. எனக்கு அப்பன் இல்லை, கலியாணமும் ஆகவில்லை. இரண்டு பேருக்கும் பதினெட்டுப் பத்தொன்பது இருக்கும். "ரெண்டு பேரும் ஒரே ஊடா இருந்துக்கலாம், வா புள்ள" என்று நீதான் என்னைக் கூப்பிட்டாய். லைன் வீட்டில் ஒரு அறை. தொட்டிலுக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங்கில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். சோறு ஒரே போசியில். நீ முதலில் சாப்பிட்டால் அடியில் இருக்கும் மிளகாயை எனக்கு விட்டுவைப்பாய். அதையும் நான் மறக்கவில்லை. எனக்கு எதுவுமே மறக்காது. அதுதான் எனக்கு வந்த வியாதி.

அந்த வருஷம் வால்பாறை எஸ்டேட் துரைமார்களோடு மில்லுக்காரர்கள் கிரிக்கெட் ஆடினார்கள். முதலாளியின் மகன் பட்டணத்தில் படித்தபோது கற்றுக்கொண்டுவந்த ஆட்டம். நமக்கு அரை நாள் லீவு என்றார்கள். வீட்டுக்குப் போகிற லீவு இல்லை. மில்லுக்குப் பின்னால் மைதானத்தில் உட்கார்ந்து கை தட்ட வேண்டும். எப்போது தட்டுவது என்று நமக்குத் தெரியாது என்பதால், மேஸ்திரி தோளில் கிடந்த துண்டைத் தூக்கினால் தட்ட வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும் என்று ஏற்பாடு. மேஸ்திரிக்கும் ஆட்டம் தெரியாது. அவர் முதலாளி மகனின் முகத்தைப் பார்த்துத் துண்டைத் தூக்கினார். ஒரு தடவை நம் ஆள் ஒருத்தன் அவுட்டாகித் திரும்பி வரும்போது தட்டிவிட்டோம். அவன் நம்மைப் பார்த்து முறைத்துக்கொண்டே போனது உனக்கு எவ்வளவு சிரிப்பு!

மேற்கே பந்தல் போட்டு நாற்காலி. துரைசானிகள் குடையோடு உட்கார்ந்திருந்தார்கள். கிழக்கே வெயிலில் நாம், ரீலிங் பொம்பளைகள் இருபது பேர், கயிற்றுக்கு இந்தப் பக்கம்.

இதை நீ யாருக்கும் சொல்லியிருக்க மாட்டாய், அதனால் நான் சொல்கிறேன். முதலில் ஒரு பந்து மேற்கே போனது. ஒரு துரைசானியின் மடியில் போய் விழுந்தது. அவள் வீல் என்று கத்திவிட்டு, அப்புறம் சிரித்து, பந்தைத் தன் கைப்பைக்குள் போட்டு மூடிக்கொண்டாள். அடித்த துரை அங்கிருந்தே தொப்பியைக் கழற்றிக் குனிந்தான். எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். மேஸ்திரி துண்டைத் தூக்கினார். நாமும் தட்டினோம். பெட்டியிலிருந்து புதுப் பந்து எடுத்து ஆட்டம் நடந்தது.

அப்போது நீ என் விலாவில் இடித்தாய். "பாத்தியா அம்மணி, இவங்களுக்கும் நம்மூர்ச் சட்டந்தான்."

நம் ஊர்ச் சட்டம் என்று நீ சொன்னது தேங்காய்ச் சட்டம். தொண்டாமுத்தூரில் வரப்போரத் தென்னைகள் எப்போதும் யாராவது ஒருத்தர் காட்டுப் பக்கம் சாய்ந்துதான் நிற்கும். மரம் எவன் காட்டில் நின்றாலும், தானாக விழுந்த காய் எந்தக் காட்டில் கிடக்கிறதோ அந்தக் காட்டுக்காரனுக்கு. ஏறிப் பறித்தால் மரத்துக்காரனுக்கு. அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து நடந்தாலும் இந்த ஒன்றில் தகராறு வராது. உன் மாமனாருக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோன காலத்தில்கூட, அவர் மரத்துக் காய் உங்கள் காட்டில் விழுந்தால் நீங்கள் எடுத்து அரைத்தீர்கள். அவர் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

உச்சி வெயில் சாய்ந்த பிறகு பசித்தது. போசியைத் திறந்தேன். மூடியை என் மடியில் வைத்துக்கொண்டேன். நீ கையை விட்டுக் கரைத்தாய். இரண்டு வாய்கூடப் போயிருக்காது. யாரோ கத்தினார்கள். எல்லாப் பொம்பளைகளும் தலைமேல் முந்தானையைப் போட்டுக் குனிந்தார்கள். ணங்கென்று ஒரு சத்தம். மோர் என் கண்ணில் தெறித்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், கம்பஞ்சோற்றுக்கு நடுவில் பந்து உட்கார்ந்திருந்தது.

நீ அதைக் கையால் எடுத்தாய். மோர் சொட்டியது. சேலையில் துடைத்தாய். சேலையில் சிவப்பு ஏறியது.

"கன்னுக்குட்டி மூக்காட்ட இருக்குது, தொட்டுப் பாரு" என்றாய்.

தொட்டேன். ஈரமாக, வெதுவெதுப்பாக, தையலோடு. அப்படித்தான் இருந்தது.

நமக்குப் பின்னால் இருந்த கிழவி ஒருத்தி, ரீலிங்கில் மூத்தவள், மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "அடிப் பாவிகளா, அது மாட்டுத் தோலு. சோத்தைக் கொட்டு. போசியைச் சாம்பல் போட்டு மூணு நாள் வெளிய வெய்யி."

"சோறு போச்சா!" என்று நீ தலையில் கை வைத்தாய். அடுத்த நொடியே நிமிர்ந்து உட்கார்ந்தாய். "சோறு போச்சுன்னா பந்து என்னுது."

அதற்கப்புறம் அந்த இருபது பேரும் பேசிய பேச்சு! ஆட்டத்தை யார் பார்த்தது?

"அடிச்சவன்தானே காயைத் தள்ளுனவன்? அப்ப அது பறிச்ச கணக்கு. மரத்துக்காரனுக்குத்தான் போவோணும்" என்றாள் ஒருத்தி.

"அடிச்சவன் உம் மடியில போடோணும்னா அடிச்சான்? தவறி உழுந்துச்சு. உழுந்த காய்தான்" என்றாய் நீ.

"பந்துக்கு மரம் யாரு? வீசுனவனா, அடிச்சவனா, கடையில வாங்குன மொதலாளியா?" என்றாள் இன்னொருத்தி.

"மூணு பேரும் சண்டை போட்டுக்கட்டும். அதுவரைக்கும் இவகிட்ட இருக்கட்டும்" என்றாள் கிழவி. அதற்கு விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு இளவட்டத் துரை வந்து நின்றான். நம்மைப் பார்க்கவில்லை. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே கையை மட்டும் நம் பக்கம் நீட்டி, விரலைச் சொடுக்கினான். ஒரு சொடுக்கு. இன்னொரு சொடுக்கு. நாய்க்குட்டியைக் கூப்பிடுவார்களே, அப்படி. நீ கொடுக்கவில்லை. மேற்கே அந்தத் துரைசானியிடம் யாரும் கையை நீட்டவில்லை என்பதை நீயும் பார்த்திருந்தாய், நானும் பார்த்திருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு போனான். பெட்டியிலிருந்து இன்னொரு பந்து வந்தது. அவர்களிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தது.

மேஸ்திரி ஓடி வந்தார். "ஏம்மா, பந்தைக் குடு. மானம் போகுது."

"சோத்துல உழுந்ததுங்க மேஸ்திரி. சோத்துக்கு ஆருங்க பதில் சொல்றது?"

"பந்தைக் கேட்டா சோத்தைச் சொல்றே?"

"அந்தம்மா பைக்குள்ள போட்டுக்கிட்டாங்களே, அதைப் போய்க் கேட்டீங்களா?"

நீ கேட்டாய். என் கண் முன்னால், இருபது பேர் கேட்க, தலையை நிமிர்த்திக் கேட்டாய். மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு வேலைக்கு வருவயில்ல, வா" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல நிமிஷங்களை விரல் விட்டு எண்ணினால் அது முதல் விரல். அந்த விரலை நீயே ஒடித்தாய்.

அன்று சாயங்காலம் போசியில் சாம்பலும் புளியும் போட்டு வாசல் கல்லின் ஓரமாக வைத்தோம். மூடி உள்ளே ஆணியில் தொங்கியது. அதன் மேல் பந்து படவில்லையே. உன் மகளுக்கு உடம்பு சுட்டது. அழுத பிள்ளையின் கையில் பந்தைக் கொடுத்தாய். தோல் குளிர்ச்சியாக இருந்ததோ என்னவோ, கன்னத்தில் ஒட்டிக்கொண்டு அழுகையை நிறுத்தியது. தொட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று, கையில் கை அடித்து நாம் சொன்னதை நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. "ஆரு கேட்டாலும் குடுக்கறதில்ல." முதலில் சொன்னது நீ.

மறுநாள் சங்கு ஊதியதும் போனோம். ரீலிங் பொம்பளைகள் இருபது பேருக்கும் கேட்டைத் திறக்கவில்லை. மேஸ்திரி கம்பிக்கு உள்ளே நின்றுகொண்டு சொன்னார்: "பந்து வந்தாத்தான் கேட்டு தொறக்கும். மேனேஜர் உத்தரவு."

முந்தின நாள் சிரித்தவர்கள் எல்லோரும் நம் பக்கம் திரும்பினார்கள். இரண்டு நாள். யார் யார் என்ன சொன்னார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். மரத்துக்காரன் கட்சி பேசியவள், "தோல் பந்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க, கொழம்பா வெப்பீங்க?" என்றாள். அவள் மகன் கலியாணத்துக்கு என்னை அழைத்தார்கள், போகவில்லை. "மூணு பேரும் சண்டை போட்டுக்கட்டும்" என்ற அதே கிழவி, நம் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அவள் செத்ததற்கும் போகவில்லை. இப்போது எண்ணிப் பார்த்தால் நான் போகாத வீடுகள்தான் அதிகம்.

அந்த இரண்டு நாளும் நீ தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான்தான் உனக்கும் சேர்த்துப் பேசினேன்.

மூன்றாம் நாள் நான் எழுந்தபோது உன் பாய் சுருட்டி வைத்திருந்தது. உன் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தண்ணீருக்குப் போயிருப்பாய் என்று நினைத்தேன். சங்கு ஊதியது. நான் மட்டும் கேட்டுக்குப் போனேன். மற்றவர்கள் கூடி நின்றார்கள். என்னைக் கண்டதும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். பயந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன், பைத்தியக்காரி. முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு கம்பியைப் பிடித்தேன்.

"ஏனுங்க மேஸ்திரி, நாங்க குடுக்க மாட்டம்ங்க. இன்னிக்கும் இல்லீங்க, நாளைக்கும் இல்லீங்க. உழுந்தது எங்க சோத்துல. உங்க மேனேஜர்கிட்டச் சொல்லிப்போடுங்க. இந்தக் கேட்டை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க."

மேஸ்திரிக்குக் கோபம் வரவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"எதைச் சொல்றே அம்மணி? இதையா?"

சிவப்பாக அவர் உள்ளங்கையில் இருந்தது. துடைத்து, எண்ணெய் தடவிக் கொடுத்திருந்தாய். எண்ணெயின் மினுமினுப்பு எனக்குத் தெரிந்தது. அவருக்குப் பின்னால் ரீலிங் ஜன்னல் வழியாக உன் முதுகு தெரிந்தது. சிட்டம் சுற்றிக்கொண்டிருந்தாய். என் குரல் உனக்குக் கேட்டிருக்கும். நீ திரும்பவில்லை. கேட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். கை தட்டாத குறைதான். மேஸ்திரி துண்டைத் தூக்கியிருந்தால் அதையும் செய்திருப்பார்கள்.

கேட்டைத் திறந்து அவர்களை உள்ளே விட்டார். "நீ அக்கட்டால நில்லு" என்று எனக்கு மட்டும் கையைக் காட்டினார். நான் நிற்கவில்லை. லைன் வீட்டுக்குப் போய், ஆணியில் இருந்ததையெல்லாம் ஒரு சேலையில் மூட்டை கட்டிக்கொண்டு நடந்தேன். பேரூர் தாண்டிய பிறகுதான் போசி வாசல் கல்லோரம் கிடப்பது ஞாபகம் வந்தது. மூடி மட்டும் மூட்டைக்குள் இருந்தது.

அதற்கப்புறம் என் கதை உனக்குத் தெரியும். இரண்டாம் தாரமாகக் கட்டிக் கொடுத்தார்கள். மலையடிவாரத்துக் காடு. வாழை போட்டால் யானை தின்றது, தென்னை வைத்தால் யானை சாய்த்தது. யானைக்கு எந்தச் சட்டமும் கிடையாது என்பதால் அதன் மேல் மட்டும் எனக்குக் கோபம் இல்லை. நீ முப்பது வருஷம் அதே ரீலிங்கில் நின்று பஞ்சுத் தூசியைத் தின்றாய். இருமல் உன்னோடு வீட்டுக்கு வந்து, உன்னோடே கிழவியாயிற்று. கொடுத்தவளுக்கு அது கிடைத்தது. கொடுக்க மாட்டேன் என்றவளுக்கு இது கிடைத்தது. இதில் யாருக்கு எது மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரே ஒரு தடவை நீ ஆள் விட்டாய். என் சின்ன மாமியார் வழி ஒறம்பரைச் சொந்தம் ஒருத்தர் வந்து, "உங்க போசி பத்திரமா இருக்குதாமுங்க, வந்து வாங்கிக்கச் சொன்னாங்க" என்றார். நான் முறத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னேன். "வெச்சுக்கச் சொல்லுங்க. அவ வாசல்ல கெடந்தது அவளுக்குத்தானுங்களே." அந்த வார்த்தையை எவ்வளவு நாள் நாக்கில் வைத்திருந்தேன் தெரியுமா? அதைச் சொன்ன அன்று இராப்பொழுது முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அதற்கப்புறம் நீ யாரையும் விடவில்லை.

பேரூர்க் கோயிலில் ஒரு தடவை எதிரெதிரே வந்துவிட்டோம். நீ நின்றாய். வாயைத் திறந்தாய். இருமல் வந்தது. இருமி முடிக்கும் வரைக்கும் நான் நின்றிருந்தால் நீ ஏதாவது சொல்லியிருப்பாய். நான் நிற்கவில்லை.

என் பேத்தி இப்போது பீளமேட்டில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறாள். லீவுக்கு வந்தால் டிவியில் கிரிக்கெட் பார்ப்பாள். போன மாதம் ஒருத்தன் அடித்த பந்து கூட்டத்துக்குள் போனது. ஒரு ஆள் பாய்ந்து பிடித்தான். சுற்றியிருந்தவர்கள் அவனைக் கட்டிப் பிடித்துக் குதித்தார்கள். அடுத்த நொடி அவன் அதைத் தூக்கித் திருப்பி எறிந்துவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது.

"ஏன் கண்ணு, புடிச்சவன் எதுக்குத் திருப்பி எறியறான்?"

"ஒரே பந்துலதான் ஆடோணும் அமுச்சி. புதுசு போட்டா ஆட்டமே மாறிப்போகும். அமெரிக்காவுல வேற ஒரு ஆட்டம் இருக்குது, அதுல மேல வந்து உழுந்தா புடிச்சவங்களே ஊட்டுக்கு எடுத்துட்டுப் போலாம். ஆரும் கேக்க மாட்டாங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான். பேரனுக்குப் பேரன் வரைக்கும் வெச்சிருப்பாங்களாம்."

எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். தேங்காய்ச் சட்டம் எங்கேயோ சீமைக்கு அப்பால் செல்லுபடியாகியிருக்கிறது. நாம் அதைத் தப்பான மைதானத்தில் கேட்டிருக்கிறோம். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு முதல் தடவையாகத் தோன்றியது. சொன்னால் நீ எப்படிச் சிரிப்பாய் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். அடுத்த வாரம் போகலாம், தை பிறக்கட்டும், பேத்தி வண்டியில் கூட்டிப் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். அதற்குள் உன் மருமகனின் ஆள் வந்துவிட்டார்.

நேற்று உன் மகள் காப்பி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். தொட்டிலில் கிடந்தவளுக்குத் தலை முழுக்க நரை. "அம்மா சாவறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி போசியைக் காட்டி, 'அவளுது, குடுத்துரு'ன்னாங்க. வேற ஒண்ணுஞ் சொல்லலீங்க" என்றாள்.

"ஈயம் பூசறவன் வந்தா நசுங்கலைத் தட்டிக் குடுக்கறேன்னு சொல்லுவானுங்க. அம்மா உடமாட்டாங்க. 'ஒப்படைக்கற சாமான், எப்படி இருக்குதோ அப்படியே இருக்கோணும்'னு சொல்லிப்போடுவாங்க" என்று அவளே சேர்த்துச் சொன்னாள்.

பந்து என்ன ஆயிற்று என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன், வாய் கேட்டுவிட்டது.

"மேனேஜர் ரூம்பு மேசையில காயிதம் பறக்காம இருக்க வெச்சிருந்தாங்களாமுங்க. அம்மா வேலையை உட்டு நிக்கற வரைக்கும் அங்கயேதான் கெடந்துச்சாம். ஒரு நாள் கையெழுத்துக்குப் பதிலாக் கைநாட்டு வெக்கப் போனப்போ தொட்டுப் பாத்தாங்களாம். காஞ்சு, வெடிச்சுப் போயிருந்துச்சுன்னு சொன்னாங்க." அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அன்னிக்கு எனக்குக் காச்சலாமுங்க. ரெண்டு நாளா ஊட்டுல ஒண்ணுமில்லியாமுங்க. அதனாலதான்..."

"தெரியும் கண்ணு" என்றேன். "அன்னிக்கே தெரியும்."

தெரியும். பிள்ளை கையிலிருந்து அதைப் பிடுங்கியிருப்பாய், அது அழுதிருக்கும், நீ அதன் வாயைப் பொத்தியிருப்பாய். இதெல்லாம் எனக்குக் கேட்டில் நின்ற அந்த நிமிஷத்திலேயே தெரியும். நீ கொடுத்ததற்கா இத்தனை வருஷம் பேசாமல் இருந்தேன்? கொடுத்தால் கொடுத்துவிட்டுப் போ. என்னை எழுப்பியிருக்கக் கூடாதா? தொட்டிலுக்கு இந்தப் பக்கம்தானே படுத்திருந்தேன்? "புள்ள, என்னால முடியல, குடுத்துப்போடறேன்" என்று ஒரு வார்த்தை. நானும் முனகிக்கொண்டே உன் கூட வந்திருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு இரண்டு பேரும் உள்ளே போயிருப்போம். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத பந்துக்காக என்னைத் தனியாகக் கத்த விட்டாயே. அதைத்தான் கேட்கிறேன். பேரூரில் நீ அதற்குத்தான் வாயைத் திறந்தாயா? இனி யார் சொல்லப்போகிறார்கள்?

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உன் மகள் அதை எதிர்பார்த்துத்தான் ஒரு நாழிகை அதிகமாக உட்கார்ந்திருந்தாள். என்னால் முடியவில்லை. உள்ளே தேடிப் பார்த்தேன், கோபம் போட்ட இடத்திலேயே இருக்கிறது. அதை யாரிடம் காட்டுவது என்பதுதான் இப்போது தெரியவில்லை.

அவள் போன பிறகு பரணிலிருந்து மூடியை எடுத்தேன். ரொம்ப வருஷம் தண்ணீர்ப் பானைக்கு மூடியாக இருந்தது, பிறகு பரணுக்குப் போனது. தேய்த்தேன். கம்பு குத்திச் சோறாக்கி, மோர் விட்டுக் கரைத்து, மிளகாய் ஒன்று போட்டுப் போசியில் ஊற்றினேன். மூடியைப் போட்டேன். போகவில்லை. திருப்பிப் போட்டேன், அமுக்கினேன், முழங்காலில் இடுக்கிக்கொண்டு தட்டினேன். நசுங்கிய இடத்தில் ஒரு விரல் நுழைகிற சந்து விட்டு நிற்கிறது. பந்து விழுந்த நாளிலிருந்து இந்த இரண்டையும் யாருமே சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே நீ போசியை வைத்துக்கொண்டு, மூடி அவளிடம் இருக்கிறது என்று நினைத்திருப்பாய். இங்கே நான் மூடியை வைத்துக்கொண்டு, போசி வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

சோற்றின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அடியில் மிளகாய் கிடக்கிறது. நான் அதை எடுக்கவில்லை.